ஒரு பல்லும் ஒரு பெயரும்

டைனோசர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பென்னம்பெரிய எலும்புக்கூடுதான். நூதனசாலையின் கூரையை எட்டும் கழுத்தும், ஆளுயரத் தொடை எலும்பும், வாயைப் பிளந்து நிற்கும் மண்டையோடும் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவது அவ்வளவு பெரிய பொருளைப் பற்றியல்ல. பெருவிரல் நகத்தின் மேல் வைத்துவிடக்கூடிய ஒரு பல்லைப் பற்றியே எழுதுகிறேன்.

1856 ஆம் ஆண்டு அந்தப் பல்லுக்கு ட்ரூடொன் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர் உலகப் புகழ் பெற்றது. கலைக்களஞ்சியங்களிலும் சிறுவர் நூல்களிலும் “டைனோசர்களுள் மிகவும் புத்திசாலி” என்ற பட்டத்தோடு அது இடம்பிடித்தது. இன்றோ அதே பெயரை “ஐயத்துக்குரிய பெயர்” என்று விஞ்ஞானிகள் பலர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பல் எப்படிப் பெயர் பெற்றது, அந்தப் பெயர் எப்படிப் புகழடைந்தது, பின்பு ஏன் ஐயத்துக்குள்ளானது என்பதை ஒழுங்காகப் பார்த்தால், விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தை விடவும் நன்றாக விளங்கிக்கொள்ளலாம்.

ஜூடித் ஆற்றங்கரையில்

ஐக்கிய அமெரிக்காவின் வடக்கே இன்று மொன்டானா என்று அழைக்கப்படும் மாநிலத்தில், மிசூரி ஆற்றோடு ஜூடித் என்ற சிற்றாறு வந்து கலக்கிறது. 1855 இல் அந்தப் பகுதிக்கு மாநிலம் என்ற அந்தஸ்து இல்லை. அது நெப்ராஸ்கா ஆட்புலத்தின் ஒரு பகுதியாக இருந்தது. பேர்டினண்ட் ஹேடன் என்ற புவியியலாளர் அங்கு பயணம் செய்து, மழையும் ஆறும் அரித்த மண்மேடுகளிலிருந்து சில பற்களைப் பொறுக்கி எடுத்தார். அவற்றைப் பிலடெல்பியா நகரிலிருந்த ஜோசப் லெய்டியிடம் ஒப்படைத்தார்.

லெய்டி உடலமைப்பியல் பேராசிரியர். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் எதையும் எளிதில் தப்பவிடாதவர் என்று பெயர் பெற்றவர். பன்றி இறைச்சியில் மனிதருக்கு நோயை உண்டாக்கும் ஒருவகைப் புழு இருப்பதை 1846 இல் கண்டறிந்தவரும் அவரே. ஹேடன் கொண்டுவந்த பற்களை ஆராய்ந்த அவர், 1856 இல் அவற்றுக்கு நான்கு பெயர்களைச் சூட்டினார். கரடுமுரடான பல் என்ற பொருளில் ட்ரக்கோடொன், அச்சமூட்டும் பல் என்ற பொருளில் டைனோடொன், பழங்காலப் பல்லி என்ற பொருளில் பேலியோஸ்கிங்கஸ், காயப்படுத்தும் பல் என்ற பொருளில் ட்ரூடொன். அமெரிக்காவில் டைனோசர்களுக்கு இடப்பட்ட முதற் பெயர்கள் என்று இவற்றைச் சொல்வது வழக்கம்.

அந்தக் காலத்தை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன் டைனோசர் என்ற தொகுதிப் பெயரையே 1842 இல்தான் உருவாக்கினார். லெய்டி பற்களைக் கையிலெடுத்தபோது அந்தப் பெயருக்கு வயது பதினான்கு. அமெரிக்காவில் ஓரளவு முழுமையான டைனோசர் எலும்புக்கூடு ஒன்றுகூட அதுவரை விவரிக்கப்படவில்லை. அப்படியான முதல் எலும்புக்கூட்டை இரண்டு ஆண்டுகள் கழித்து, 1858 இல், ஹட்ரோசோரஸ் என்ற பெயரில் விவரித்தவரும் லெய்டிதான். ஆகவே 1856 இல் அவர் கையில் இருந்தவை சில பற்களும் அவருடைய அனுபவமும் மட்டுமே. நான்கில் இரண்டை, ட்ரூடொன் உட்பட, அவர் பல்லி இனத்தோடு சேர்த்தே எண்ணினார்.

பற்கள் மட்டும் ஏன் மிஞ்சுகின்றன?

ஒரு விலங்கின் உடலில் இத்தனை எலும்புகள் இருக்க, பற்கள் மட்டும் தனியாகக் கிடைப்பது ஏன்? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, பல்லின் வன்மை. எனாமல் என்று நாம் சொல்லும் மிளிரிப் படையில் நூற்றுக்கு 96 பங்கு அளவில் கனியுப்புகளே இருக்கின்றன. உடலில் அதைவிட வன்மையான பொருள் வேறில்லை. எலும்பு உடைந்து, கரைந்து, பூச்சிகளுக்கும் வேர்களுக்கும் இரையாகிப் போகும் இடத்திலும் பல் தாக்குப்பிடிக்கும். பாதிக் கல்லாகவே இருக்கும் ஒரு பொருள் முழுக் கல்லாக மாறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது, பற்களின் எண்ணிக்கை. நமக்குப் பாற்பற்கள், நிலையான பற்கள் என்று இரண்டே தொகுதிகள்தான். டைனோசர்களுக்கோ இன்றைய முதலைகளைப் போல வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. பல்லின் உட்பகுதியில் நாளுக்கொன்றாகப் படியும் நுண்ணிய வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, ஒரு பல் எத்தனை நாளில் மாற்றப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நீண்ட கழுத்துடைய டிப்ளோடோகஸ் ஏறத்தாழ 35 நாட்களுக்கு ஒரு தடவை தன் பல்லைப் புதுப்பித்துக்கொண்டது. அப்படியானால் ஒரே விலங்கு தன் ஆயுளில் எத்தனை பற்களை உதிர்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இறந்த பிறகு அது விட்டுச்செல்வது ஒரே ஓர் எலும்புக்கூடு. உயிரோடு இருக்கும்போதே அது சென்ற வழியெல்லாம் பற்களைச் சிந்திக்கொண்டு போகிறது. ஆறு அவற்றை அள்ளிச் சென்று மணலோடும் சேற்றோடும் படியவைக்கிறது. காலப்போக்கில் அந்த மணல் பாறையாகிறது.

இதனால்தான் உலகின் பல அடையற்பாறைகளில் எலும்புக்கூட்டைக் காண்பது அரிதாகவும் பல்லைக் காண்பது எளிதாகவும் இருக்கிறது.

ஒரு பொத்தான் எதைச் சொல்லும்?

பல் பேசாத பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். அது நிறையவே சொல்லும். கூரான, பக்கவாட்டில் தட்டையான, ஓரத்தில் வாள்போல் பற்கள் வெட்டப்பட்ட பல்லாக இருந்தால் அது இறைச்சியை அறுத்தது. இலைபோன்ற வடிவும் தேய்ந்த மேற்பரப்பும் இருந்தால் அது தாவரங்களை மென்றது. வேர் கரைந்திருந்தால் அந்தப் பல் விலங்கு உயிரோடு இருந்தபோதே இயல்பாக விழுந்தது. இவ்வளவையும் ஒரே பல்லிலிருந்து அறியலாம்.

ஆனால் “இந்த விலங்கு என்ன இனம்?” என்ற கேள்வி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். எங்கள் கல்லூரி வளவில் ஒரு வெள்ளைப் பொத்தான் விழுந்து கிடக்கிறது. அது பாடசாலைச் சீருடையிலிருந்து விழுந்தது என்று பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம். நூலின் துண்டு அதில் ஒட்டியிருந்தால் இழுபட்டு அறுந்தது என்றும் ஊகிக்கலாம். அது யாருடைய சீருடை என்று மட்டும் சொல்ல முடியாது. நாடு முழுவதும் பிள்ளைகள் அணிவது அதே வெள்ளைச் சீருடையைத்தான். ஆனால் வாழ்க்கையில் ஒரேயொரு சீருடையை மட்டுமே கண்ட ஒருவரிடம் அந்தப் பொத்தானைக் கொடுத்தால், அவர் சிறிதும் தயங்காமல் “இது அந்தப் பிள்ளையுடையது” என்று சொல்லிவிடுவார். அவருடைய உறுதிக்குக் காரணம் அவர் பார்த்தவை குறைவு என்பதே.

1856 இல் லெய்டியின் நிலையும் இதுதான். அவர் முன்னால் இருந்த பல், அதுவரை அறியப்பட்ட எந்த விலங்கின் பல்லையும் ஒத்திருக்கவில்லை. ஆகவே அதில் காணப்பட்ட ஒவ்வோர் அம்சமும் தனித்தன்மையாகத் தோன்றியது. பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டபோதுதான், அந்த அம்சங்கள் ஓர் இனத்துக்கு மட்டும் உரியவையல்ல, ஒரு பெரிய குடும்பத்துக்கே பொதுவானவை என்பது தெரியவந்தது.

லெய்டியின் மற்றொரு பெயரான ட்ரக்கோடொனுக்கு இதுவே நடந்தது. வாத்தலகு போன்ற வாயுடைய டைனோசர்களின் எலும்புக்கூடுகள் பின்னர் கிடைத்தபோது, அவற்றையெல்லாம் ட்ரக்கோடொன் என்றே அழைத்தார்கள். 1908 இல் ஸ்டேர்ன்பேர்க் குடும்பத்தினர் வயோமிங் மாநிலத்தில் கண்டெடுத்த, தோலின் தடங்களோடு பாதுகாக்கப்பட்ட அற்புதமான உடல் நியூயோர்க் நூதனசாலையைச் சென்றடைந்தது. அதுவும் ட்ரக்கோடொன் என்ற பெயரிலேயே விவரிக்கப்பட்டது. இன்று அந்த உடல் எட்மொன்டோசோரஸ் என்ற பெயருக்கு மாறிவிட்டது. வாத்தலகு டைனோசர்கள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரேமாதிரியான பற்கள் இருந்ததால், லெய்டியின் பற்கள் எந்த இனத்தினுடையவை என்று காட்ட இயலாமற் போய்விட்டது.

வீடு மாறிக்கொண்டே இருந்த பல்

இனி நம் ட்ரூடொனுக்கு வருவோம். உயர்தர உயிரியலில் இருசொற் பெயரீட்டைப் படித்தவர்களுக்கு, ஓர் உயிரினத்தின் பெயரில் முதற்சொல் சாதியையும் இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கும் என்பது தெரியும். இங்கே சாதி என்பது நெருங்கிய இனங்களின் ஒரு தொகுப்பு. இந்தப் பல்லின் முழுப் பெயர் ட்ரூடொன் போர்மோசஸ். போர்மோசஸ் என்றால் அழகிய வடிவுடையது என்று பொருள். அதன் ஓரங்களில் உள்ள வெட்டுகள் சாதாரண ஊனுண்ணி டைனோசரின் பல்லில் உள்ளவை போல நுண்ணியவையல்ல. பெரியவையாகவும் நுனியை நோக்கி வளைந்த கொக்கிகள் போலவும் இருக்கும்.

இந்த விசித்திரமான வடிவமே பல்லை வீடு வீடாக அலையவைத்தது. லெய்டி அதைப் பல்லி என்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நொப்சா என்ற ஆய்வாளர் அதை ஊனுண்ணி டைனோசர்களோடு சேர்த்தார். 1924 இல் சார்ள்ஸ் கில்மோர், இது குவிமாடம் போன்ற தடித்த மண்டையுடைய, தாவரங்களை உண்ணும் டைனோசரின் பல் என்றார். அந்த விலங்குகளின் பற்களிலும் பெரிய வெட்டுகள் உண்டு. அவருடைய முடிவின் விளைவாக ஸ்டெகோசெராஸ் என்ற தடித்தலை டைனோசரே சில காலம் ட்ரூடொன் என்ற பெயரோடு வலம்வந்தது. 1945 இல் சார்ள்ஸ் ஸ்டேர்ன்பேர்க் இது பொருந்தாது என்று காட்டித் தடித்தலை டைனோசர்களுக்குத் தனிக் குடும்பம் வகுத்தார். பல் மறுபடியும் ஊனுண்ணிகளின் பக்கம் வந்து சேர்ந்தது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குள் பல்லி, ஊனுண்ணி, தாவரவுண்ணி, மீண்டும் ஊனுண்ணி என்று விளக்கங்கள் மாறிக்கொண்டே போயின. பல்லில் ஒரு மாற்றமும் இல்லை. அதைச் சுற்றியிருந்த அறிவே மாறியது.

புகழ் வந்த வழி

“புத்திசாலி டைனோசர்” என்ற புகழ் எங்கிருந்து வந்தது? ஆச்சரியமான விடயம், அது இந்தப் பல்லிலிருந்து வரவில்லை.

1932 இல் மேற்சொன்ன ஸ்டேர்ன்பேர்க், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் கிடைத்த கால், கை, வால் எலும்புகளுக்கு ஸ்டெனோனிக்கோசோரஸ் என்று பெயரிட்டார். 1969 இல் டேல் ரசல் அதே விலங்கின் மண்டையோட்டுப் பகுதியை ஆராய்ந்து, உடற்பருமனோடு ஒப்பிடும்போது அதன் மூளை டைனோசர்களுள் மிகப் பெரியது என்று காட்டினார். அதன் கண்களும் பெரியவை. 1982 இல் அவரும் ரொன் செகான் என்ற கலைஞரும் சேர்ந்து, இந்த விலங்கு அழியாமல் இருந்திருந்தால் எப்படி மாறியிருக்கலாம் என்று ஒரு கற்பனை உருவத்தையும் செய்து வைத்தார்கள். மனிதனைப் போல் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் அந்த உருவம் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அது உயிர்ச்சுவடல்ல, வெறும் கற்பனைப் பயிற்சி. என்றாலும் மக்கள் மனதில் அது நன்றாகப் பதிந்துவிட்டது.

1987 இல் பிலிப் கர்ரி என்ற கனடிய ஆய்வாளர் இவ்வகைப் பற்களை விரிவாக ஒப்பிட்டார். தாடையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பல்லின் வடிவம் மாறுபடும் என்றும், லெய்டியின் பல்லும் ஸ்டெனோனிக்கோசோரஸின் பற்களும் ஒரே விலங்கினுடையவை என்றும் முடிவு செய்தார். விலங்கியற் பெயரீட்டு விதியின்படி ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் முதலில் இடப்பட்ட பெயரே செல்லும். 1932 ஐ விட 1856 முந்தியது. ஆகவே ஸ்டெனோனிக்கோசோரஸ் என்ற பெயர் கைவிடப்பட்டது. அதன் மூளையும் கண்களும் புகழும் அப்படியே ட்ரூடொனுக்கு எழுதிவைக்கப்பட்டன. சொத்து முழுவதும் ஒரே நாளில் கைமாறியது போல்தான்.

அதன் பிறகு ட்ரூடொன் என்ற பெயர் விரியத் தொடங்கியது. மொன்டானாவில் முட்டைகளும் கூடுகளும் கிடைத்தன. ஒரு கூட்டில் 24 முட்டைகள் வரை மண்ணில் பாதி புதைந்து நின்றன. அந்த முட்டைகளுக்குள் இருந்த முளையங்களை 1988 இல் வேறொரு தாவரவுண்ணி டைனோசரினுடையவை என்று அறிவித்த அதே ஆய்வாளர்கள், 1996 இல் தங்கள் அறிவிப்பைத் திருத்தி அவை ட்ரூடொனினுடையவை என்றார்கள். 2008 இல் வந்த ஓர் ஆய்வு, இந்த டைனோசர்களில் அடைகாத்தது தந்தையாக இருக்கலாம் என்றது. அலாஸ்காவிலும் அதே வகையான, ஆனால் இன்னும் பெரிய பற்கள் கிடைத்தன. எல்லாம் ட்ரூடொன் என்ற ஒரே பெயரின் கீழ்ச் சேர்ந்தன. அல்பேர்ட்டா முதல் அலாஸ்கா வரை, பல மில்லியன் ஆண்டுகால இடைவெளியில் வாழ்ந்த விலங்குகள் எல்லாம் ஒரே சாதியாயின. இதைத் தாங்கி நின்ற தூண் ஒன்றே ஒன்றுதான். அது ஜூடித் ஆற்றங்கரைப் பல்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்

2017 இல் தூண் ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு கனடாவில் இவ்வகை டைனோசர் ஒன்றின் மண்டையோட்டு எலும்பு புதிதாக விவரிக்கப்பட்டு, அல்பேர்ட்டாவெனேட்டர் என்று பெயரிடப்பட்டது. பற்களை மட்டும் வைத்து இவ்விலங்குகளை இனம் பிரிப்பது கடினம் என்பது இதனால் தெளிவானது. மண்டையோடு வேறாக இருந்தாலும் பல் வேறுபட வேண்டிய அவசியமில்லை.

அதே ஆண்டு ஆரன் வான்டர் ரீஸ்ட் என்ற மாணவ ஆய்வாளர், அல்பேர்ட்டாவில் கிடைத்த எலும்புகளை மீளாய்வு செய்து ஒரு கட்டுரையை வெளியிட்டார். ட்ரூடொன் என்ற பெயரைத் தாங்கும் பல் எந்த இனத்தினுடையது என்று தீர்மானிக்க முடியாததால் அது ஐயத்துக்குரிய பெயர், ஸ்டெனோனிக்கோசோரஸ் என்ற பெயர் மீண்டும் பாவனைக்கு வர வேண்டும் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. இன்னொரு புதிய சாதியையும் அக்கட்டுரை முன்மொழிந்தது. அதன் இணையாசிரியர் யார் தெரியுமா? 1987 இல் இரண்டு பெயர்களையும் ஒன்றாக இணைத்த அதே பிலிப் கர்ரிதான். தான் கட்டியதை முப்பது ஆண்டுகளுக்குப் பின் தன் மாணவரோடு சேர்ந்து அவரே அவிழ்த்தார். அந்த மண்டையோட்டு விலங்குக்குப் பெயர் வைத்தவர்கள், அதன் இனப் பெயரில் இதே கர்ரியைக் கௌரவித்திருந்தார்கள் என்பது இன்னொரு அழகான செய்தி.

விவாதம் அத்தோடு முடியவில்லை. 2021 இல் வேறொரு குழுவினர், 2017 இல் முன்மொழியப்பட்ட புதிய சாதியும் ஸ்டெனோனிக்கோசோரஸும் ஒன்றுதான் என்று வாதிட்டார்கள். இவ்வளவு காலம் பழகிய ட்ரூடொன் என்ற பெயரை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

“அப்ப அது பொய்யா?”

இந்தச் செய்திகளை வாசித்துக்கொண்டிருந்த நாட்களில், டைனோசர் என்றால் உயிரை விடும் என் தம்பிக்கும் இதைச் சொன்னேன். அவனுடைய படப்புத்தகத்தில் ட்ரூடொனுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவன் கேட்ட கேள்வி இதுதான்: “அப்ப ட்ரூடொன் எண்டது பொய்யா, ராத்தா?”

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் விஞ்ஞானிகள் ஒரு கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம், “இவர்கள் சொல்வது எதையும் நம்ப முடியாது” என்று முடிவுகட்டுபவர்கள் நம்மிடையே பெரியவர்களிலும் உண்டு.

பொய் இல்லை. ஏறத்தாழ 76 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பல்லை உதிர்த்த விலங்கு ஒன்று உண்மையிலேயே வாழ்ந்தது. மொன்டானாவின் முட்டைகள் உண்மை. அல்பேர்ட்டாவில் கிடைத்த பெரிய மூளைக் குழியுடைய மண்டையோடும் உண்மை. ஐயம் இருப்பது அவற்றை இணைத்த கயிற்றில் மட்டுமே. பல்லுக்கு இட்ட பெயரை அந்த மண்டையோட்டுக்கும் முட்டைக்கும் நீட்டலாமா என்பதே கேள்வி.

இஸ்லாம் பாடத்தில் ஹதீஸ் கலையைப் பற்றிக் கற்கும் நமக்கு இது புதிய விடயமல்ல. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியின் வாசகத்தோடு நின்றுவிடுவதில்லை. அதை யார் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்திருக்க முடியுமா, அறிவிப்பவரின் நினைவாற்றல் எப்படிப்பட்டது என்றெல்லாம் ஆராய்வார்கள். வரிசையில் ஒருவர் விடுபட்டிருந்தால், செய்தி எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் பலவீனமானது என்று குறித்து வைப்பார்கள். மார்க்க அறிவையும் கல்லாகிப்போன ஒரு பல்லையும் நான் சமமாக வைக்கவில்லை. “இது உன் கையில் எந்த வழியாக வந்தது?” என்று கேட்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். அந்தப் பழக்கம் நம்முடைய மரபிலேயே ஊறியிருக்கிறது. ட்ரூடொனின் வரிசையில் பல்லுக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலான கண்ணி விடுபட்டிருக்கிறது. ஆகவே விஞ்ஞானிகள் அதை ஐயத்துக்குரியது என்று குறித்திருக்கிறார்கள். பெயரை அழித்துவிடவில்லை. பதிவேட்டில் அது அப்படியே இருக்கிறது, பக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் குறிப்போடு.

பெயர் வைக்காமல் விட்ட ஒரு பல்

இந்தப் பாடம் வீண்போகவில்லை என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியில் கள்ளமேடு என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்படும் பாறைப் படிவுகள் உள்ளன. டைனோசர் யுகத்தின் இறுதிக் காலத்தில் படிந்தவை அவை. 2013 இல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத் முதலிய ஆய்வாளர்கள் அங்கிருந்து ஒரேயொரு பல்லை விவரித்தார்கள். அதன் ஓரங்களிலும் அதே பெரிய வெட்டுகள். ட்ரூடொனின் பெயரால் வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்த பல் இது என்பது அவர்கள் முடிவு. அதுவரை அந்தக் குடும்பம் வடபுலக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. இந்தியா அப்போது ஆசியாவோடு இணையாமல் கடலில் தனியாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நிலம். அங்கே இவ்விலங்கு எப்படி வந்தது என்பது பெரிய கேள்வி.

இவ்வளவு முக்கியமான கண்டுபிடிப்புக்கு ஒரு கவர்ச்சியான புதுப் பெயரைச் சூட்டும் ஆசை யாருக்கும் வரும். அவர்கள் சூட்டவில்லை. இன்ன குடும்பத்தைச் சேர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பல் எவ்வளவு சொல்லுமோ அவ்வளவை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை இனிமேல் கிடைக்கக்கூடிய எலும்புகளுக்கு விட்டுவைத்தார்கள். 1856 இலிருந்து 2013 வரை விஞ்ஞானம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு பற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். லெய்டி குறைந்தவர் என்பதல்ல இதன் பொருள். அவர் வைத்த பெயர்கள் பட்ட பாட்டிலிருந்துதான் பின்வந்தவர்கள் நிதானத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

பரீட்சைக்காக நாம் எத்தனையோ பெயர்களை மனனம் செய்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு பொருள் எங்கோ ஒரு நூதனசாலையின் இழுப்பறையில் இருக்கிறது என்பதை நினைப்பதில்லை. சில பெயர்களுக்குப் பின்னால் முழு எலும்புக்கூடு இருக்கும். சிலவற்றுக்குப் பின்னால் ஒரு பல் மட்டுமே இருக்கும். “விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று ஒரு செய்தியைத் தொலைபேசியில் பார்த்து அடுத்தவருக்கு அனுப்பும் முன், அவர்கள் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு டைனோசர் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டால், அந்தப் புத்தகம் இன்னும் சுவையாகும்.

ட்ரூடொனின் கதைக்கு இன்னும் முற்றுப்புள்ளி வைக்கப்படவில்லை. பிலடெல்பியாவில் அந்தப் பல் இன்றும் இருக்கிறது. ஹேடன் அதைப் பொறுக்கி எடுத்த அதே பாறைப் படிவில், தாடையில் அதே வடிவான பற்களோடு முழு எலும்புக்கூடு ஒன்று என்றாவது கிடைக்கலாம். கிடைத்தால் விடுபட்ட கண்ணி பொருந்தி, பெயர் மீண்டும் உறுதி பெறக்கூடும். அதுவரை அந்த விலங்குக்கு நாம் செய்யக்கூடிய நீதி, தெரிந்ததைத் தெரிந்த அளவோடு சொல்வதுதான்.